கம்பளி போர்த்திய பாம்புகள்

பிள்ளைகளா, நம் வீட்டுப் பாம்புகளைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. போதாக்குறைக்கு, வெள்ளைப் பாம்பு பிறக்கப் போகிறது என்று நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்துவிட்டீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது உங்கள் டீச்சர் மார்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பாம்பைப் பற்றித்தான் கேட்டார். இன்னும் பொறக்கலீங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு எரிச்சல். உங்கள் மேல் அல்ல. எதன் மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், மோட்டாருக்குள் போகிற செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றிப் பிழைக்கிறவன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம்மிடம் இருப்பது ராஜநாகம் அல்ல. கிங்ஸ்னேக் என்று பெயர். அமெரிக்கா பக்கம் வயலிலும் புதரிலும் எலி பிடித்துத் தின்கிற பாம்பு. விஷம் கிடையாது. கறுப்பு உடம்பில் தலையிலிருந்து வால் வரைக்கும் பால் நிறத்தில் வளையம் வளையமாகப் பட்டை. எதிர்வீட்டு அக்காவிடம் இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவர் இன்றைக்கும் நம் வாசலைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கடக்கிறார்.

இவை நமக்கு வந்த வழி உங்களுக்குத் தெரியும். பொள்ளாச்சியில் ஒரு தோட்டத்துக்காரர் வீட்டுக் கிணற்று மோட்டாரைச் சரி செய்யப் போனேன். அவருக்கு வெளிநாட்டுப் பாம்புகளை வளர்ப்பது பொழுதுபோக்கு. எல்லாவற்றுக்கும் பதிவு, காகிதம் எல்லாம் முறையாக வைத்திருந்தார். ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் ஒன்றைக் காட்டினார். வெள்ளை என்றால் சுண்ணாம்பு வெள்ளை அல்ல, லேசாக ரோஸ் கலந்த வெள்ளை. அதன்மேல் எலுமிச்சம்பழத் தோல் மாதிரி மஞ்சள் பட்டை. கண் இரண்டும் மாதுளை முத்து. நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். லவ் பேர்ட்ஸை ஜோடி மாற்றி மாற்றிப் போட்டு நீலமும் மஞ்சளும் எடுத்தவன் நான். ஆனாலும் இப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை.

நான் பார்த்த பார்வையைப் பார்த்து அவர் அந்த வெள்ளைப் பாம்பின் குட்டிகளில் ஒரு ஜோடியைக் கொடுத்தார். பெயர் மாற்றிப் பதிந்த காகிதமும் கொடுத்தார். இரண்டுமே கறுப்புதான். முகம் வாடியதைப் பார்த்துச் சொன்னார்: “வெளிய பாக்காதீங்க. தாய் வெள்ளைங்க. ரெண்டுக்கும் உள்ளுக்குள்ள வெள்ளை ஒளிஞ்சிருக்குது. இதுக சேந்து குஞ்சு வெச்சா நாலுல ஒண்ணு வெள்ளையா வரணுமுங்க.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மோட்டாரை வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே சுற்றியிருப்பது செம்பா அலுமினியமா என்று தெரியாது. பிரித்தால்தான் தெரியும். பாம்பைப் பிரிக்க முடியாது, அதனால் குஞ்சு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த அவ்வளவுதானேவுக்குத்தான் இத்தனை பாடு.

அவை வளர்ந்து ஜோடி சேருகிற வயதுக்கு வரும்வரை நம் வீட்டின் சின்ன அறை பாம்பு அறையாகிவிட்டது. அவற்றுக்குத் தீனியாக வெள்ளை எலி வளர்த்தோம். அதில்தான் எனக்கு முதல் வயிற்றெரிச்சல். எலிகளிடம் நான் எந்த நிறமும் கேட்கவில்லை. அவை பாட்டுக்குச் சாம்பல், காபிப்பொடி, கறுப்புத் தலை, பாதி வெள்ளை என்று மாதத்துக்கு ஒரு நிறமாகப் போட்டுத் தள்ளின. தீனிக்கு வளர்த்ததில் நிறம் கொட்டுகிறது, நிறத்துக்கு வளர்த்தது சுருண்டு படுத்திருக்கிறது. உங்கள் அம்மா எலி நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, பேசாம எலியவே வெச்சுக்கிட்டு பாம்பக் குடுத்துருங்களேன் என்று கேட்டாள்.

வயது வந்ததும் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருடம் முழுக்க நடக்கவில்லை. ஆண் ஒரு மூலையில், பெண் ஒரு மூலையில், பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர் மாதிரி. பொள்ளாச்சிக்காரருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். அந்தப் பாம்பு பிறந்த நாட்டில் குளிர்காலம் உண்டு, குளிரில் ஒரு மூச்சு தூங்கி எழுந்தால்தான் முட்டை வைக்க வேண்டும் என்று அதன் உடம்புக்கே தோன்றும் என்றார். அவர் வீட்டில் அதற்கென்று ஏசி போட்ட அறை இருக்கிறது. நமக்கு இருப்பது இந்தக் கொழிஞ்சாம்பாறை ஊர் வெயிலும் ஒரு டேபிள் ஃபேனும். மார்கழியில்கூட நம் ஊரில் விடியற்காலை மட்டும்தான் போர்வை தேடும். ஈரச்சாக்கு போட்டுப் பார்த்தேன், மண்பானைக்குள் வைத்துப் பார்த்தேன். பாம்புக்குச் சளிதான் பிடித்தது.

“உங்களுக்கு என்னங்க குறை,” என்றார் அவர் போனில். “சம்சாரம் ஊடு மூணாறு பக்கம்தானுங்களே. மலைக்குக் கொண்டு போயி வையுங்க.”

எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு மாட்டுப்பட்டி பக்கம் உங்கள் மாமா வீட்டுக்குப் போகிறோம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிவிட்டு வருகிறோம். அந்தக் குளிரை எதற்காவது உபயோகப்படுத்தலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

அம்மா சம்மதித்தாள், ஆனால் ஒரு கெடு வைத்தாள். வரும் வருடம் மூத்தவளுக்குப் படிக்கத் தனி இடம் வேண்டும். சின்ன அறையை எத்தனை நாள்தான் பாம்புக்கு விடுவது என்று கேட்டாள். “வர்ற மழைக்குள்ள ஒரு குஞ்சாவது வந்தா சரி. வரலன்னா ரெண்டையும் பொள்ளாச்சிக்கே திருப்பிக் குடுத்துரணும். அப்புறம் ஒரு வார்த்த பேசக் கூடாது.” நான் சரி என்றேன். உங்களிடம் வந்து, வெள்ளைக் குட்டி பிறந்தால் அதற்கு நீங்கள்தான் பெயர் வைக்க வேண்டும் என்று வாக்குக் கொடுத்தேன். நீங்கள் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டீர்கள். ஆளுக்கு ஒரு பெயர். அதற்கும் ஒரு சண்டை.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே இரை கொடுப்பதை நிறுத்தினேன். வயிற்றில் ஏதாவது இருக்கும்போது குளிரில் வைத்தால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகிப் பாம்பு செத்துவிடும். வயிறு சுத்தமானதும் ஆளுக்கொரு தலையணை உறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு, ஒரு தோள்பையில் வைத்துக்கொண்டேன். காகிதமெல்லாம் சட்டைப்பையில் இருந்தது. இருந்தாலும் உடுமலையிலிருந்து மூணாறு பஸ் ஏறியதும் எனக்கு வியர்த்தது. நடுவில் காட்டுச் செக்போஸ்ட் இருக்கிறது அல்லவா. பையில என்னன்னு யாராவது கேட்டா என்னப் பாக்காதீங்க என்று அம்மா முன்கூட்டியே ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். செக்போஸ்ட்டில் ஏறிய காவலர் பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடி வந்தார். சின்னவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கண்டுபிடித்து வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பாட்டில் போனதற்கு அவன் மறையூர் வரைக்கும் அழுதான். நான் மறையூர் தாண்டித்தான் மூச்சு விட்டேன்.

மாமா வீடு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீடு. பின்னால் தேயிலைச் சரிவு, பக்கவாட்டில் தகரம் போட்ட விறகுக் கொட்டகை. எனக்கு வேண்டியது அந்தக் கொட்டகைதான். காற்று நேராக அடிக்காது, வெயில் படாது, பகலிலும் கையை வைத்தால் சில்லென்று இருக்கும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட இரண்டு பெட்டிகளில் தேங்காய் நாரைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, பாம்பை விட்டு மூடினேன். உறைபனி விழுந்தாலும் தாங்கட்டும் என்று அந்தப் பெட்டிகளை ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கினேன். என் கணக்கில் எந்தக் குறையும் இல்லை.

உங்கள் மாமா தோளில் துண்டோடு வந்து நின்று பார்த்தார். “ஊர் ஜனமெல்லாம் குளிர அனுபவிக்க ரூம் போட்டு வருது. உம்ம பாம்புக்கும் ஹோம்ஸ்டேயா மாப்ளே?”

உங்கள் அத்தை வாசல்படியிலிருந்து இறங்கவே இல்லை. பாம்பு என்றால் அவருக்குக் கை கால் ஓடாது. கொழுந்து கிள்ளப் போகிற இடத்தில் பச்சைப்பாம்பைக் கண்டு கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர். தூரத்தில் நிற்க வைத்தே எல்லாவற்றையும் விளக்கினேன். எதுவும் தின்னக் கொடுக்க வேண்டாம். தண்ணீர் தீர்ந்தால் மட்டும் மச்சான் ஊற்றட்டும். மற்றபடி தொடாமல் விட்டால் போதும்.

“ரெண்டு மாசமும் பட்டினியாவா அண்ணே?” என்று கேட்டார்.

“ஆமாங்க. அது தூங்கிக்கும்.”

“இந்தக் குளிர்லயா?”

“குளிர் வேணுமுங்க அதுக்கு. குளிருக்காகத்தான் கொண்டாந்திருக்கறேன்.”

அத்தை என்னைப் பார்த்தார். பெற்ற பிள்ளையை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வருகிறவனைப் பார்க்கிற பார்வை அது. அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையாட்டினார், புரிந்துகொண்டார் என்று இறங்கி வந்துவிட்டேன்.

ஜனவரி முழுக்க நான் நல்ல சந்தோஷத்தில் இருந்தேன். போன் செய்தால் சவுக்கியமா இருக்கு அண்ணே, நீங்க கவலப்படாதீக என்று அத்தை சொல்வார். மலையில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடப்பதை டிவியில் காட்டினார்கள். டூரிஸ்ட்டுகள் அதைக் கையில் அள்ளிப் போட்டோ எடுத்தார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினேன். அம்மா முறைத்தாள். பனி விழுந்தால் கொழுந்து கருகும், கருகினால் அங்கே வேலை குறையும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: நல்ல குளிர், நல்ல தூக்கம், நல்ல முட்டை.

பிப்ரவரி கடைசியில் நான் மட்டும் பாம்புகளைக் கூட்டி வரப் போனேன். லயத்துக்குள் நுழைந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கொட்டகைக்குப் போனேன். விறகு இருந்தது. தெர்மோகோல் பெட்டி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதா, யாராவது அடித்துப் போட்டுவிட்டார்களா என்று விறகைப் புரட்ட ஆரம்பித்தேன்.

“அண்ணே, அங்க இல்ல,” என்று அத்தையின் குரல் கேட்டது. “உள்ள வாங்க. பத்திரமா இருக்கு.”

சமையல் அறைக்குள் அழைத்துப் போனார். அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே, ஈர விறகைக் காய வைக்கிற பரணில், இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவற்றின்மேல் ஒரு கம்பளி. சும்மா போட்டதல்ல. நான்கு பக்கமும் ஒழுங்காகச் செருகி, குழந்தையைப் போர்த்துகிற மாதிரி போர்த்தியிருந்தது. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கிற கனத்த கம்பளி. அத்தையின் பங்குக்கு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவர் பழைய சேலையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

அத்தையே சொன்னார்.

“பனி விழுந்துச்சுல்ல அண்ணே. காலைல எந்திரிச்சுப் பாத்தா கொழுந்தெல்லாம் அவிச்சுப் போட்ட மாதிரி கருகிக் கெடக்கு. வேர் விட்டு நிக்கிற செடிக்கே இந்தக் கெதின்னா, பெட்டிக்குள்ள கெடக்குறது என்ன பண்ணும்? அன்னைக்கே உள்ள எடுத்தாந்துட்டேன்.”

“நீங்களா எடுத்தீங்க?”

“உங்க மச்சான் ஃபாக்டரில ஷிஃப்டுக்குப் போயிட்டாக. யார் எடுப்பா? கண்ண மூடிக்கிட்டு செபம் சொல்லிக்கிட்டே தூக்கினேன். உள்ள அது நெளிஞ்சது கைக்குத் தெரிஞ்சுச்சு. மாதாவேன்னு கத்திட்டேன். ஆனா கீழ போடல.”

கம்பளியை விலக்கிப் பெட்டியைத் திறந்தேன். புகை வாசம் அடித்தது. பெண் பாம்பு விழித்துக்கொண்டிருந்தது. நாக்கை நீட்டி நீட்டி என்னைத் தேடியது. தூங்கவே இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. வெதுவெதுப்பில் விழித்துக்கொண்டு, இரையும் இல்லாமல் இரண்டு மாதம் கிடந்ததில் முதுகெலும்பு தெரிந்தது. ஒரு மூலையில் ரப்பர் மாதிரி காய்ந்து சுருங்கிய ஒன்று கிடந்தது.

“முட்டதான் அண்ணே. பாவம்னு அவிச்சு வெச்சுப் பாத்தேன். தொடவே இல்ல. எங்க வீட்டுச் சாப்பாடு புடிக்கல போல.”

“அவிச்ச முட்டை திங்காதுங்க,” என்றேன். அத்தை பால் விடாத கட்டன் சாயாவும் கப்பைக் கிழங்கு வேகவைத்ததும் வைத்தார். பாம்புகளை நன்றாக வைத்திருந்தேனா என்று கேட்டார். நன்றாக வைத்திருந்தீர்கள் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். தன் கம்பளியைக் கொடுத்தவரிடம், நீங்கள் என் ஒரு வருடத்தை அடுப்பில் வைத்துவிட்டீர்கள் என்றா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஏசி அறை இருக்கிறவன் ஒரு பொத்தானை அழுத்துகிறான், குளிர் வருகிறது. நான் தலையணை உறையில் போட்டு, இரண்டு பஸ் மாறி, செக்போஸ்ட் தாண்டி, மலை ஏற்றி, கடைசியில் அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதே சூட்டை நம் வீட்டிலேயே கொடுத்திருக்கலாம்.

அம்மாவிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. “நீங்க குளிர் வேணும்னு சொன்னா மதினி எப்படி நம்புவா? அங்க குளிர்ன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் போய் கட்டன் குடிச்சுட்டு வர்றவர் நீங்க. நான் சின்னப்புள்ளைல பனி விழுந்தா எங்க கன்னுக்குட்டியவே அடுப்படிலதான் கட்டுவோம். அங்க உயிரோட இருக்கிற எதையும் வெளிய விடமாட்டாக.”

அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்தும் என் எரிச்சல் அடங்கவில்லை. அவள் வைத்த கெடு அப்படியே இருந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மெலிந்த பெண் பாம்புக்கு எலி கொடுத்துத் தேற்றினேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் கெடு கழுத்தை நெரித்ததால் அவசரப்பட்டு மார்ச் நடுவிலேயே ஆணை உள்ளே விட்டேன். இந்தப் பாம்புக்கு ஒரு குணம் உண்டு. பசித்தால் மற்ற பாம்பையும் தின்னும், சொந்த இனத்தையும் விடாது. அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆண் மெதுவாக அதன் முதுகின்மேல் ஏறித் தாடையைத் தேய்த்தது. சரிதான், சேரப் போகிறது என்று நான் முன்னால் குனிந்த நேரத்தில், பெண் சடாரென்று திரும்பி ஆணின் கழுத்தைக் கவ்விக்கொண்டு இரண்டு சுற்று சுற்றிவிட்டது. மூத்தவள்தான் ஓடிப் போய்ப் பச்சைத் தண்ணீர் கொண்டு வந்தாள். தலையில் ஊற்றி ஊற்றி, வாலிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். ஆண் பிழைத்தது. கழுத்தில் பல் பதிந்த தழும்பு இன்றும் இருக்கிறது.

அன்றைக்கே பொள்ளாச்சிக்குப் போன் போட்டு, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கெடுவும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். ஆனால் சின்னவன் ஆண் பாம்பின் காயத்துக்கு மஞ்சள் பூச வேண்டும் என்று கிண்ணத்தோடு வந்து நின்றான். மஞ்சள் வேண்டாம், டாக்டர் கொடுத்த மருந்து இருக்கிறது என்று சொல்லி அதைப் பூசிக்கொண்டிருந்ததில் போன் பேச மறந்துவிட்டேன். மறுநாள் கொஞ்சம் பொறுமை வந்திருந்தது.

பெண்ணை நன்றாகத் தேற்றி, வயிறு நிறைந்த பிறகே, ஈஸ்டர் கழிந்து மறுபடி விட்டேன். இந்தத் தடவை சேர்ந்தன. வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது என்று நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு நடந்ததும், அம்மா வேண்டுமென்றே மிக்ஸியை ஓட்டியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மே மாதம் முட்டை வைத்தது. ஏழு. நாம் நான்கு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். நல்ல முட்டை தோல் மாதிரி வெள்ளையாக, உப்பி இருக்க வேண்டும். இவற்றில் ஐந்து மஞ்சளாக, சின்னதாக, கல் மாதிரி இறுகிக் கிடந்தன. கருவே இல்லாத முட்டை. குளிரில் தூங்காத பாம்பு இப்படித்தான் வைக்கும் என்று பொள்ளாச்சிக்காரர் சொன்னார். மீதி இரண்டும்தான் நல்லது. போன் டார்ச்சை அடியில் பிடித்து மூத்தவள் காட்டினாள். ரோஸ் நிறத்தில் உள்ளே நூல் நூலாக ரத்தக் குழாய் ஓடியது. அதைப் பார்த்தபோது, நான் ஒப்புக்கொள்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. நாலில் ஒன்று வெள்ளை என்றால் இரண்டில் ஒன்றாவது வரக் கூடாதா என்று மனம் தனக்குத் தோதாகக் கணக்குப் போட்டது.

முட்டைக்கு ரொம்பச் சூடும் ஆகாது. மே மாதம் நம் ஊரில் சுவரே சுடும். டப்பாவில் வைத்து, டப்பாவைப் பானைக்குள் வைத்து, பானையைச் சுற்றி ஈர மணல் போட்டு, மணல் காயக் காயத் தண்ணீர் தெளித்தேன். கடையில் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து வீட்டுக்கு ஓடி வருவேன். வாடிக்கையாளர்கள் என் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை போல என்று விசாரித்தார்கள். அவ்வளவு பார்த்தும், ஒரு கரண்ட் இல்லாத மதியத்தில் ஒரு முட்டை குழி விழுந்து பூசணம் பிடித்துவிட்டது. மிஞ்சியது ஒன்று.

ஜூலையில் ஒரு நாள் நல்ல மழை. நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு வந்த சாயங்காலம். முட்டையின் மேல் பிளேடால் கீறின மாதிரி ஒரு கோடு. அதிலிருந்து ஒரு மூக்கு நுனி எட்டிப் பார்த்தது. பையைக்கூடக் கழற்றாமல் இரண்டு பேரும் குனிந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் தலை வெளியே வந்தது.

கறுப்புத் தலை.

“இதுவும் கறுப்புதானாப்பா?” என்று சின்னவன் கேட்டான். முழுதாக வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன், என்னவோ வால் மட்டும் வெள்ளையாக வந்துவிடும் என்கிற மாதிரி. வந்தது. கறுப்பு உடம்பு, பால் பட்டை. அப்பன் மாதிரியே, ஆத்தாள் மாதிரியே. நீங்கள் வைத்திருந்த இரண்டு பெயருமே வெள்ளைக்கு வைத்த பெயர். யாரும் அதைக் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் நான் கடையிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்குப் போய் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வருகிறேன், உன் கெடு முடிந்தது என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நான் குஞ்சு வரணும்னுதான் சொன்னேன். வந்திருச்சு. வெள்ளை வெள்ளைன்னு நீங்கதான் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. அறையை மட்டும் காலி பண்ணிக் குடுங்க. பாம்பக் கடைக்குக் கொண்டு போங்க.”

அதனால்தான் இப்போது கடையின் பின்பக்கம், செம்புக் கம்பிச் சுருள்களுக்குப் பக்கத்தில் பாம்புப் பெட்டிகள் இருக்கின்றன. மூத்தவளுக்கு அறை கிடைத்துவிட்டது, எலி நாற்றம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை என்கிறாள். எனக்கு மனம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆறவில்லை. அந்தக் குட்டிக்குள் வெள்ளை ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை. ஒளிந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆக, பழைய ஜோடியைத்தான் மறுபடி நம்ப வேண்டும். மறுபடி குளிர். மறுபடி மலை.

குட்டி பிறந்த செய்தியை அம்மா போனில் சொல்லிவிட்டாள் போல. அன்றைக்கே அத்தை என்னைக் கூப்பிட்டார். நல்ல சந்தோஷமான குரல்.

“பிள்ள பொறந்திருச்சாமே அண்ணே. நான் மட்டும் கம்பளி போத்தலன்னா அதுக ரெண்டும் வெறச்சுப் போயிருக்கும்.”

“ஆமாங்க,” என்றேன்.

“வெள்ளையா அண்ணே?”

“இல்லீங்க. கறுப்புதான்.”

“கறுப்பா இருந்தா என்ன? நம்மெல்லாம் என்ன வெள்ளையாவா பொறந்தோம்? வர்ற கிறிஸ்துமஸுக்குக் கொண்டாங்க. இந்தத் தடவை பரண்ல முன்கூட்டியே எடம் பண்ணி வெச்சிர்றேன். குட்டிக்குன்னு தனியா ஒரு கம்பளித் துண்டும் வெட்டி வெச்சிருக்கேன்.”

நான் அதற்கும் சரிங்க என்றுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டுப் பட்டறை ஸ்டூலில் மறுபடி கம்பி சுற்ற உட்கார்ந்தேன். இதுவரை சுற்றிய எந்தக் காயிலும் இவ்வளவு சிக்கல் விழுந்ததில்லை.

அதனால் பிள்ளைகளா, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். டிசம்பரில் நாம் எல்லோரும்தான் போகப் போகிறோம். பாம்புகளை விறகுக் கொட்டகையில் விட்டுவிட வேண்டும், பனி விழுந்தாலும் உள்ளே எடுக்கக் கூடாது, கம்பளியை அத்தையே போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதை நீங்கள் இரண்டு பேரும்தான் அவரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்பார். நான் சொல்லிப் பார்த்தாயிற்று. அந்தப் பரணுக்கு நேரே நின்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வராது.